மார்ஃபினைக் கண்டுபிடித்த மருந்துக்கடைப் பையன்

பின்பக்கம் சம்ப்பை ஒட்டி நம் சங்கம் மூலிகைத் தோட்டம் போட்டதிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு சர்ச்சை. போன மாதம் நிலவேம்பு. கஷாயத்துக்கு எவ்வளவு இலை போட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். ஒரு கைப்பிடி என்று ஒரு பதில், அரைக் கைப்பிடி போதும் என்று இன்னொரு பதில். யாருடைய கைப்பிடி என்று நான் கேட்டேன். மூன்றாவது மாடி மாமாவின் கை முறம் மாதிரி இருக்கும். என் மனைவியின் கை அதில் பாதிதான். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. காலை வணக்கப் படங்கள்தான் வந்தன.

முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். தொகை எழுதாத வவுச்சரைக் கண்டால் இன்றும் எனக்குக் கை நடுங்கும். அதனால்தானோ என்னவோ, மூலிகை பற்றி ஏதாவது எழுதுங்கள் சார் என்று ஆசிரியர் குழு கேட்டபோது, எந்தச் செடி எதற்கு நல்லது என்று பட்டியல் போட மனம் வரவில்லை. செடிக்குள் இருக்கும் மருந்தைத் தனியே பிரித்தெடுத்து, நிறுத்துப் பார்த்து, இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு வேலை செய்யும் என்று கணக்குச் சொல்ல முதன்முதலில் வழிகாட்டிய ஒருவரின் வாழ்க்கையை எழுதுகிறேன். நான் படித்தது பி.காம். வேதியியல் எனக்கு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்துபோனது. பிழை இருந்தால் சி பிளாக் பேராசிரியர் அம்மா திருத்த வேண்டும்.

அவர் பெயர் ஃபிரீட்ரிக் சேர்ட்டூர்னர். ஜெர்மானியர். அவர் கையில் எடுத்த செடி நமக்கும் தெரிந்ததுதான். குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடி. முற்றாத காயைக் கீறிவிட்டால் பால் வடியும். அது காய்ந்து பழுப்பு நிறப் பிசினாகும். அதுதான் அபின். நாம் சமையலில் போடும் விதையில் அந்த மயக்கப் பொருள் அநேகமாக இல்லை. ஆனாலும் பிள்ளைகள் துபாயில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், பெட்டியில் கசகசா வைத்துக்கொண்டு அங்கே போய் இறங்கக் கூடாது. சட்டப்படி குற்றம்.

அபின் வலியைத் தணிக்கும், தூக்கம் வரவழைக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர்களுக்குத் தெரியும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சிடன்ஹாம் என்ற மருத்துவர் அபினோடு குங்குமப்பூ, பட்டை, கிராம்பு சேர்த்து ஒயினில் ஊறவைத்து ஒரு திரவம் செய்தார். லாடனம் என்று பெயர். ஐரோப்பா முழுவதும் வீட்டுக்கு வீடு அந்த பாட்டில் இருந்தது.

சிக்கல் அளவில்தான். ஒரு ஊர் அபின் மாதிரி இன்னொரு ஊர் அபின் இருக்காது. மழை பெய்த வருடத்துப் பால் வேறு, வறண்ட வருடத்துப் பால் வேறு. நடுவில் வியாபாரி கலப்படம் செய்திருப்பார். அதே மருத்துவர், அதே பத்துச் சொட்டு, ஒரு நோயாளிக்கு வலியே குறையாது. இன்னொருவர் தூங்கியவர் தூங்கியபடியே மூச்சு நின்றுபோவார். மருத்துவர் தவறு செய்தாரா, மருந்து தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. அடியில் இருப்பு எவ்வளவு என்று தெரியாமல் காசோலை எழுதுவது போன்ற வேலை அது.

சேர்ட்டூர்னர் பிறந்தது 1783 ஜூன் 19-ஆம் தேதி, பாடர்போர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் நொய்ஹவுஸ் என்ற ஊரில். ஜெர்மனி என்று ஒரே நாடு அப்போது கிடையாது. சின்னச் சின்ன அரசுகள். பாடர்போர்னை ஆண்டவர் ஒரு பிஷப். அப்பா ஆஸ்திரியாவிலிருந்து வந்து அந்த பிஷப்பிடம் நில அளவை, கட்டட வேலை பார்த்தவர். ஆறு குழந்தைகளில் நம்மவர் நான்காவது. 1798-ல் அப்பா இறந்துவிட்டார். பையனுக்கு வயது பதினைந்து. மேலே படிக்கவைக்க வழியில்லை. மறு வருடமே பாடர்போர்னில் கிராமர் என்பவரின் மருந்துக்கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

அந்தக் கால மருந்துக்கடையை இன்றைய மெடிக்கல் ஷாப்போடு ஒப்பிடக் கூடாது. அட்டை மாத்திரை கிடையாது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையும் சின்ன ஆய்வுக்கூடமும் சேர்ந்தது மாதிரி ஒரு இடம். வேரை இடிக்க வேண்டும், காய்ச்ச வேண்டும், வடிகட்ட வேண்டும், எடை போட்டுப் பொட்டலம் கட்ட வேண்டும். நான்கு வருடம் இந்த வேலை செய்து 1803-ல் உதவியாளர் தேர்வில் தேறினார். கல்லூரி வாசல் பார்க்காத இருபது வயதுப் பையன். பகல் வேலை முடிந்து கிடைத்த நேரத்தில் அதே கடையின் அடுப்பையும் பாத்திரங்களையும் வைத்துக்கொண்டு அபினுக்குள் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.

அபினைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தார். அந்தத் தண்ணீர் லிட்மஸ் நிறத்தைச் சிவப்பாக்கியது. அதாவது அமிலம் இருக்கிறது. அதைப் பிரித்தார். இன்று மெக்கோனிக் அமிலம் என்று சொல்கிறார்கள். ஆனால் தூக்கம் தரும் குணம் அதில் இல்லை. பிறகு அதே வடிநீரில் அம்மோனியா விட்டார். அடியில் பொடிப்பொடியாகப் படிகம் படிந்தது. கழுவினார், அமிலத்தில் கரைத்தார், மறுபடி படியவைத்தார். அந்தப் படிகத்தை நாய்க்குக் கொடுத்துப் பார்த்தார். நாய் தூங்கிவிழுந்தது, வாந்தியும் எடுத்தது. அபினின் சக்தி அந்தப் படிகத்தில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1805, 1806 வருடங்களில் ஒரு மருந்தியல் இதழில் எழுதினார்.

படித்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதற்கு ஒரு காரணம், எழுதியவர் கடைப்பையன் என்பது. இன்னொரு காரணத்தை நான் என் பாஷையில் சொல்கிறேன். வேதியியலில் அமிலம், காரம் என்று இரண்டு உண்டு. பேரேட்டில் பற்று, வரவு மாதிரி. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று சமன் செய்து உப்பு ஆகிவிடும். அதுவரை செடிகளிலிருந்து பிரித்தெடுத்த முக்கியமான பொருட்கள் எல்லாம் அமிலங்கள். எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம், ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலம் என்று ஸ்வீடனில் ஷீலே பிரித்துக் காட்டியிருந்தார். அவரும் ஒரு மருந்துக்கடைக்காரர்தான். ஆகவே செடி என்றால் பற்றுப் பக்கம் மட்டும்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அபினின் சாரமோ அமிலத்தைச் சமன் செய்தது, அமிலத்தோடு சேர்ந்து உப்பாகியது. செடிக்குள் வரவுப் பக்கமும் இருக்கிறது என்று ஒரு உதவியாளர் வந்து சொன்னால் பெரியவர்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? எங்கள் கிளையில்கூட கடைநிலை ஊழியர் சொன்ன ஒரு திருத்தம் ஆடிட்டர் வந்து சொன்ன பிறகுதான் ஏற்கப்பட்டது.

இதே சமயம் பாரிஸில் டெரோன், செகான் என்று இரண்டு பேர் அபினிலிருந்து உப்பு மாதிரிப் பொருட்களைப் பிரித்திருந்தார்கள். அது என்ன என்பதில் அவர்களுக்கும் தெளிவில்லை. டெரோன் எடுத்தது பெரும்பாலும் அபினில் உள்ள வேறொரு பொருள் என்பது பின்னால் தெரியவந்தது. அபினுக்குள் இப்படிப் பல டஜன் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் அதிகமாக இருப்பது நம்மவர் பிரித்தது. ஏறத்தாழ பத்து சதவீதம், ஊருக்கு ஊர் கூடும் குறையும்.

1806-ல் அவர் ஐன்பெக் என்ற ஊருக்கு, அங்கும் மருந்துக்கடை உதவியாளராகவே போனார். அப்போது நெப்போலியன் காலம். அந்தப் பகுதிக்கு அவர் தம்பி ஜெரோம் ராஜாவாகிவிட்டார். யார் வேண்டுமானாலும் தொழில் தொடங்கலாம் என்ற பிரெஞ்சுச் சட்டம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1809-ல் சேர்ட்டூர்னர் சொந்தக் கடை திறந்தார். இருபத்தாறு வயது. சில வருடங்கள் வேறு வேலைகளில் மனம் போயிற்று. எரிகாரங்களைப் பற்றி ஆராய்ந்தார், துப்பாக்கியைக்கூட மேம்படுத்திப் பார்த்தார். பிறகு மறுபடி பழைய படிகத்துக்கு வந்தார்.

இந்த முறை நாய்க்குக் கொடுக்கவில்லை. தானே சாப்பிட்டார். கூடவே பதினேழு வயதைத் தாண்டாத மூன்று பையன்களையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம்; ஆனால் இந்த இடத்தில் மனம் ஒப்பவில்லை. தன் உயிரை வைத்து விளையாட ஒருவருக்கு உரிமை இருக்கலாம், பெற்றவர்கள் நம்பி அனுப்பிய பிள்ளைகளை வைத்து எப்படிச் செய்யலாம்? இன்றானால் அந்தக் கடைக்குப் பூட்டுப் போட்டு ஆளையும் கூட்டிப் போயிருப்பார்கள்.

நடந்தது இதுதான். நால்வரும் ஆளுக்கு அரை கிரெயின் படிகத்தைச் சாராயத்தில் கரைத்துத் தண்ணீர் விட்டுக் குடித்தார்கள். ஒரு கிரெயின் என்பது சுமார் 60 மில்லிகிராம். முகமும் கண்ணும் சிவந்தன. அரை மணி கழித்து இன்னொரு அரை கிரெயின். குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தன. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். கால் மணி கழித்து மூன்றாவது அரை கிரெயினை, பாதி கரையாத பொடியாகவே விழுங்கினார்கள். பையன்களுக்கு வயிற்றில் குத்துவலி, சோர்வு, மயங்கிவிழும் நிலை. சேர்ட்டூர்னர் படுத்துக் கனவும் நினைவும் கலந்த நிலைக்குப் போய்விட்டார். கை கால்கள் வெட்டி இழுத்தன. அந்த நிலையிலும் இது விஷம் என்று உறைத்து எழுந்து காடியை நிறையக் குடித்தார், பையன்களுக்கும் ஊற்றினார். எல்லோரும் கடுமையாக வாந்தியெடுத்தார்கள். வாந்தி எடுத்ததால் பிழைத்தார்கள். இரவு முழுக்க அடித்துப் போட்ட தூக்கம். வயிற்று வலி, தலைவலி, மலச்சிக்கல் எல்லாம் அதன் பிறகும் சில நாள் நீடித்தன.

முக்கால் மணி நேரத்தில் ஆளுக்கு ஒன்றரை கிரெயின், அதாவது சுமார் 90 மில்லிகிராம். இன்று புதிதாக இந்த மருந்தை மாத்திரையாகத் தொடங்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் ஒரு வேளைக்குச் சாதாரணமாக 5 அல்லது 10 மில்லிகிராம்தான் எழுதுகிறார்கள். எவ்வளவு பெரிய கண்டம் தப்பியது என்று பாருங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்ட வேண்டும். எத்தனை கொடுத்தேன், எத்தனை நிமிடத்தில் கொடுத்தேன், என்ன ஆயிற்று என்று மறைக்காமல் எழுதிவைத்தார். தான் அளவு மீறியதையும் எழுதினார். அபின் வரலாற்றில் அளவும் நேரமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதப்பட்ட முதல் கணக்குகளில் ஒன்று அது. இப்படி எழுத முடிந்ததற்குக் காரணம் கையில் இருந்தது சுத்தமான ஒரே பொருள் என்பதுதான். அபின் உருண்டையை வைத்துக்கொண்டு இதை எழுத முடியாது. நாளைக்கு வேறு உருண்டை வரும், கணக்கு மாறிவிடும்.

1817-ல் இதையெல்லாம் சேர்த்து வெளியிட்டார். கிரேக்கர்களின் கனவுத் தேவதை மார்ஃபியஸ் பெயரால் தன் பொருளுக்கு மார்ஃபியம் என்று பெயர் வைத்தார். பாரிஸில் கே-லுசாக் என்ற பெரிய வேதியியலாளர் கண்ணில் அது பட்டது. நாம் பள்ளியில் வாயு விதி படித்தோமே, அவரேதான். விஷயம் எவ்வளவு முக்கியம் என்று உடனே உணர்ந்து பிரெஞ்சில் மொழிபெயர்க்கவைத்துத் தன் இதழில் போட்டார். மார்ஃபின் என்று பெயரைச் சற்று மாற்றியதும் அவர்தான். ரோபிகே என்பவர் சோதித்துப் பார்த்துச் சரி என்றார். பன்னிரண்டு வருடம் கண்டுகொள்ளாமல் கிடந்தது ஒரே வருடத்தில் ஐரோப்பா முழுவதும் பேச்சாயிற்று. யேனா பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

அதன் பிறகு வரிசையாகக் கதவுகள் திறந்தன. அபினுக்குள் இப்படி ஒரு காரம் இருந்தால் மற்றச் செடிகளுக்குள்ளும் இருக்கும் அல்லவா? பாரிஸில் பெல்டியே, காவென்டூ என்ற இருவர் 1818-ல் எட்டிக்காய் இனத்திலிருந்து ஸ்ட்ரிக்னின் எடுத்தார்கள். நம் பழமொழிகளில் வரும் அதே எட்டிதான். 1820-ல் அதே இருவர் சிங்கோனா பட்டையிலிருந்து க்வினைன் எடுத்தார்கள். மலேரியாவுக்கு அளவு தெரிந்த மருந்து கிடைத்தது. பின்னால் நீலகிரியில் அரசே சிங்கோனா பயிரிட்டு நடுவட்டத்தில் க்வினைன் தொழிற்சாலை நடத்தியது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம். காபிக்கொட்டையிலிருந்து காஃபீனும் அந்த வருடங்களில்தான் வந்தது. இந்த வகைப் பொருட்களுக்கு ஆல்கலாய்டு என்று 1819-ல் இன்னொரு ஜெர்மன் மருந்துக்கடைக்காரர் மைஸ்னர் பெயர் வைத்தார்.

அந்த வரிசை இன்னும் நிற்கவில்லை. நம் பி பிளாக் வாசலில் தானாக முளைத்து ரோஸ் நிறத்தில் பூக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்து 1958 வாக்கில் வின்பிளாஸ்டினும் அடுத்து வின்கிறிஸ்டினும் பிரித்தார்கள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் மருந்து வின்கிறிஸ்டின். செடியில் அது இருக்கும் அளவோ மிகச் சொற்பம். டன் கணக்கில் இலை போட்டால் கிராம் கணக்கில் கிடைக்கும். அந்த இலையை மென்று சாப்பிடலாமா என்று தயவுசெய்து குழுவில் யாரும் கேட்க வேண்டாம்.

சேர்ட்டூர்னர் கதைக்கு வருகிறேன். உலகம் கொண்டாடிய அதே நேரத்தில் உள்ளூரில் அவர் கடைக்கு ஆபத்து வந்தது. நெப்போலியன் வீழ்ந்ததும் பழைய ஹானோவர் ஆட்சி திரும்பியது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கொடுத்த உரிமம் செல்லாது என்றார்கள். ஏற்கெனவே ஊரில் ஒரு கடை இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்று வழக்கு. அவர் தோற்றார். மார்ஃபினைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு மருந்துக்கடை வைக்க லைசென்ஸ் இல்லை என்றால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஐன்பெக்கை விட்டு 1820-களின் தொடக்கத்தில் ஹாமெல்ன் நகரத்து மருந்துக்கடையை எடுத்துக்கொண்டு அங்கே குடிபோனார். குழல் ஊதி எலிகளை ஆற்றுக்கு இழுத்துப்போனவன் கதையைப் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் படித்தோமே, அந்த ஊர். 1821-ல் திருமணம். ஆறு குழந்தைகள்.

பிரான்சில் வேறு, முதலில் பிரித்தது எங்கள் ஆள் செகான்தான் என்று சிலர் உரிமை கொண்டாடினார்கள். அந்தத் தகராறு வருடக்கணக்கில் நீண்டது. கடைசியில் 1831-ல் பிரெஞ்சு அறிவியல் நிறுவனமே சேர்ட்டூர்னருக்கு 2,000 ஃபிராங்க் பரிசு கொடுத்து, மார்ஃபின் ஒரு காரம் என்று கண்டு வழி திறந்தவர் அவரே என்று ஒப்புக்கொண்டது.

பணம் பண்ணியவர்கள் வேறு. டார்ம்ஸ்டட்டில் பரம்பரை மருந்துக்கடை வைத்திருந்த மெர்க் 1827-ல் மார்ஃபினைப் பெரிய அளவில் தயாரித்து விற்க ஆரம்பித்தார். அந்தக் கடைதான் இன்றைய மெர்க் நிறுவனம். நம்மவரோ, மற்ற இதழ்கள் தன் கருத்துகளைப் போடுவதில்லை என்ற கோபத்தில் சொந்தமாக ஒரு இதழ் நடத்தினார். அதில் எழுதிய பல கொள்கைகள் நிற்கவில்லை. ஒன்று மட்டும் வியப்பாக இருக்கிறது. 1831-ல் காலரா ஐரோப்பாவைத் தாக்கியபோது, அதற்குக் காரணம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் உயிருள்ள ஏதோ ஒரு நச்சுப்பொருள் என்று எழுதினார். கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம். ஐம்பது வருடங்களுக்கு மேல் கழித்து ராபர்ட் காக் எகிப்திலும் நம் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அந்தக் கிருமியைக் காட்டினார். அதைப் பார்க்கச் சேர்ட்டூர்னர் இல்லை.

மார்ஃபினுக்குக் கெட்ட பெயர் வந்தது அவருக்குப் பிறகுதான். 1853 வாக்கில் ஊசி வந்தது. போர்க்களங்களில் காயம்பட்டவர்களுக்குத் தாராளமாகப் போட்டார்கள். வலி தீர்ந்த பிறகும் விட முடியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் தவித்தார்கள். அதையே மாற்றிச் செய்த ஹெராயினை 1898-ல் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்றது. அந்தப் பயம் இன்றுவரை நம் வீடுகளில் இருக்கிறது. என் வீட்டிலும் இருந்தது, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை.

2013-ல் என் அக்காவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. புரண்டு படுக்க முடியாது. பெட்ஷீட் மாற்றினால் அலறுவாள். மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், லைசென்ஸ் உள்ள இடத்தில்தான் கிடைக்கும் என்று இடத்தையும் சொன்னார். சீட்டை வாங்கியவன் நான். அத்தானுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறியது. மார்ஃபின் என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்று எனக்கும் தோன்றியது. பழகிவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. போகிற உயிர் எதற்குப் பழகிவிடப் போகிறது என்று யோசிக்கத் தெரியவில்லை. சீட்டை என் பீரோவில் வைத்துவிட்டு, கடையில் இன்னும் ஸ்டாக் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் என் மருமகள் பீரோவில் வேறு எதையோ தேடப்போய்ச் சீட்டைப் பார்த்துவிட்டாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தானே போய் வாங்கிவந்தாள். நான்கு மணிக்கு ஒரு முறை 10 மில்லிகிராம். இரண்டாம் நாள் அக்கா எழுந்து சாய்ந்து உட்கார்ந்து காபி கேட்டாள். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள்; சேர்ட்டூர்னர் தன் உடம்பில் கண்ட அதே தொல்லை. நான் ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டு மணி, அளவு, வலி எப்படி என்று எழுதிவந்தேன். நான்கு மாதம் அந்த நோட்டு ஓடியது. அந்த நான்கு மாதமும் அவள் எங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பதினொரு நாளை நான் எந்தக் கணக்கிலும் நேர் செய்ய முடியவில்லை.

பின்னால் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அரசு அனுமதியோடு கசகசாச் செடி பயிரிட்டு மருந்துக்காக அபின் எடுக்கும் மிகச் சில நாடுகளில் நம் நாடு ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் பயிராகிறது. நீமச், காஜிப்பூர் என்ற இரண்டு ஊர்களில் அரசு ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளுக்கு இத்தனை லைசென்ஸ் வேண்டும் என்று கட்டுப்படுத்தியதில், வலியில் துடிப்பவர்களுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாகிப்போனது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போது வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் மருத்துவர் சீட்டோடு கேட்டால் கிடைக்கிறது. யார் வீட்டிலாவது இப்படி ஒரு சீட்டு பீரோவில் இருந்தால், மருத்துவரிடம் மறுபடி ஒரு முறை பேசிவிடுங்கள். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன். ஏ பிளாக், தரைத்தளம்.

சேர்ட்டூர்னரின் கடைசி வருடங்கள் ஹாமெல்னில் நல்லபடியாகப் போகவில்லை. கௌட் என்னும் மூட்டுநோய் வாட்டியது. மனம் தளர்ந்து ஆட்களோடு பழகுவதைக் குறைத்துக்கொண்டார். வலிக்குத் தன் மார்ஃபினையே எடுத்துக்கொண்டார். 1841 பிப்ரவரி 20-ஆம் தேதி காலமானார். வயது ஐம்பத்தேழு. கடை வைக்க விடாமல் அனுப்பிய அதே ஐன்பெக்குக்குக் கொண்டுபோய், அங்குள்ள பார்த்தலோமியு சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.